மனச்சோர்வு: கண்ணில் படாமல் போகும் அறிகுறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வு உள்ளவர்களின் குடும்பத்தாரோடு பேசும்போது அதே சந்தேகங்கள்தான் வேறு வேறு குரல்களில் வருகின்றன. பலர் கடைசியில் சொல்வதும் ஒன்றுதான்: "எல்லாம் கண் முன்னாடியேதான் இருந்தது, எங்களுக்குத்தான் புரியலை." புரியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த நோய் பல நேரம் சோம்பல், கோபம், மறதி, முதுகுவலி என்று வேறு பெயர்களில்தான் வீட்டுக்குள் நடமாடுகிறது.

அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள உதவும். உங்களுக்கோ உங்கள் அருகில் இருப்பவருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருந்தால், மற்றதை விட்டுவிட்டு நேராக 15-ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. மனச்சோர்வுன்னா எப்பவும் சோகமா, அழுதுகிட்டே இருக்கறதுதானே?

மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது. மனம் வாடிக் கிடப்பது ஒன்று. எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது இரண்டு. மற்றவை: பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மிஞ்சுவது, அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, தீராத அசதி, தன்னை மட்டமாக நினைப்பது அல்லது காரணமில்லாத குற்றவுணர்வு, கவனமும் முடிவெடுக்கும் திறனும் குறைவது, சாவைப் பற்றிய எண்ணம். இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களாக, அநேகமாகத் தினமும் இருக்க வேண்டும். அந்த ஐந்துக்குள் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறை இப்படிச் சொல்கிறது.

முதல் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்பதைக் கவனியுங்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவருக்கும் கடுமையான மனச்சோர்வு இருக்கலாம். "சோகமெல்லாம் இல்லை, ஒண்ணுமே தோணலை" என்று சொல்பவர்கள் ஏராளம். அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

2. எல்லாருக்கும்தான் சில நாள் மனசு சரியில்லாம போகுது. எங்கேருந்து அதை நோய்னு எடுத்துக்கறது?

எத்தனை நாளாக, நாளில் எவ்வளவு நேரம், அன்றாட வாழ்க்கையில் எதெல்லாம் தடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் பெரும்பாலான நேரம் அப்படியே இருந்து, வேலையோ படிப்போ உறவோ தன்னைக் கவனித்துக்கொள்வதோ பாதிக்கப்பட்டிருந்தால் அது வெறும் மனநிலை மாற்றம் என்று விடக்கூடியது இல்லை.

அடுத்தவரோடு ஒப்பிடுவதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அவரை அவருடைய பழைய இயல்போடு ஒப்பிடுங்கள். எப்போதுமே அமைதியாக இருப்பவர் அமைதியாக இருப்பதில் ஒன்றுமில்லை. வாய் ஓயாமல் பேசியவர் அமைதியாகிவிட்டால் அது சேதி. கீழே வரும் பெரும்பாலான பதில்களுக்கு இந்த அளவுகோல்தான் அடிப்படை.

3. வீட்ல எல்லாரும் கோட்டை விடற அறிகுறி எது?

பிடித்தது பிடிக்காமல் போவது. இது சத்தம் போடாமல் நடக்கும். தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் ஊற்றுவதை நிறுத்துகிறார். பாட்டு இல்லாமல் வேலை செய்யாதவர் பாட்டையே போடுவதில்லை. கேட்டால் "நேரம் இல்லை", "அப்புறம் பார்க்கலாம்" என்று நம்பும்படியான பதில் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம். ஐந்தாறு விஷயங்கள் ஒரே காலத்தில் கழன்று விழுந்திருப்பதை யாராவது சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் திணறுவது. என்ன சட்டை போடுவது என்று அலமாரி முன்னால் கால் மணி நேரம் நிற்பார்கள். நண்பரின் செய்திக்குப் பதில் தட்டுவார்கள், அழிப்பார்கள், நாளைக்கு என்று வைத்துவிடுவார்கள். மறுநாள், தாமதமாகிவிட்டதே என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ள, பதில் போடுவது இன்னும் கடினமாகும். ஒரு மாதம் கழித்து அந்த நண்பர் "கண்டுக்கவே மாட்டேங்கறான்" என்று விலகிப் போயிருப்பார். பிரிக்காத கடிதங்கள், கட்டாத பில்கள், எடுக்காத போன் அழைப்புகள் எல்லாம் இந்த வகைதான்.

குளிப்பது, பல் தேய்ப்பது, துணி மாற்றுவது தள்ளிப்போவதையும் பாருங்கள். வெளியில் இருந்து பார்க்கச் சோம்பேறித்தனம். உள்ளே இருப்பவருக்கோ எழுந்து உட்காருவது, துண்டை எடுப்பது, குழாயைத் திறப்பது என ஒவ்வொன்றும் தனி வேலையாகக் கனக்கிறது. பேச்சும் மாறும்: குரல் தாழ்ந்து, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி நீண்டு, பதில் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். போனில் மட்டும் பேசும் பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்கக்கூடிய அறிகுறி இது.

4. தலைவலி, முதுகுவலி, வயித்துக் கோளாறுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. எல்லா டெஸ்ட்டும் நார்மல். இதுக்கும் மனசுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. 1999-இல் வெளியான, 14 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், மனச்சோர்வு உறுதியான 1,146 பேரில் 69 சதவீதம் பேர் உடல் உபாதையை மட்டுமே சொல்லி மருத்துவரிடம் வந்திருந்தார்கள். மனநிலை பற்றி நேரடியாகக் கேட்ட பிறகும் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தவர்கள் 11 சதவீதம்தான். கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

வலி பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலியைக் கட்டுப்படுத்துவதிலும் மனநிலையைச் சீராக வைப்பதிலும் செரோட்டோனின், நார்எபிநெஃப்ரின் போன்ற அதே மூளை ரசாயனங்களுக்குப் பங்கு இருக்கிறது. அவருக்கு உண்மையாகவே வலிக்கிறது. "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லை, எல்லாம் உன் நினைப்பு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை வலியைக்கூடச் சொல்லமாட்டார்.

5. நல்லா தூங்கறார், நல்லா சாப்பிடறார். அப்புறம் எப்படி மனச்சோர்வு?

தூக்கமும் பசியும் குறைவதைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். தலைகீழாகவும் நடக்கும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுவது, பசியே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது, கை காலெல்லாம் ஈயம் ஏற்றியதுபோல் கனப்பது, யாராவது லேசாக முகம் சுளித்தாலே நொறுங்கிப்போவது என்று ஒரு வகை மனச்சோர்வு இருக்கிறது. இந்த வகையில் நல்ல சேதி வந்தால் கொஞ்ச நேரம் முகம் மலரவும் செய்யும். அதைப் பார்த்து வீட்டார் ஏமாந்துவிடுவார்கள்.

தூக்கம் குறைபவர்களிடம் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: படுத்ததும் தூக்கம் வருகிறதா என்பதோடு, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விழித்து, மறுபடி தூங்க முடியாமல், இருட்டில் பழைய தவறுகளையே நினைத்துக் கிடப்பது மனச்சோர்வில் அடிக்கடி காணப்படுவது.

6. காலையில படுக்கையை விட்டு எழவே முடியலைங்கறா. சாயங்காலம் ஆனா சாதாரணமா இருக்கா. நடிக்கிறாளா?

இல்லை. காலையில் மிக மோசமாகவும் பொழுது சாயச் சாயக் கொஞ்சம் இலகுவாகவும் இருப்பது கடுமையான மனச்சோர்வில் மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் போக்கு. வேலை முடிந்து மாலையில் வரும் குடும்பத்தாருக்கு அவருடைய காலைப் பொழுது தெரிவதே இல்லை. மாலை நேரத்தில் மருத்துவரைப் பார்க்கப் போனால் அவருக்கும் தெரியாது. அதனால் காலையில் எப்படி இருந்தது என்பதை எழுதி எடுத்துப் போங்கள்.

7. தினமும் ஆபீஸ் போறா, எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசறா. இவளுக்கு என்ன மனச்சோர்வு இருக்க முடியும்?

வெளியே தாக்குப்பிடிப்பதற்கே இருக்கும் சக்தி முழுவதும் செலவாகிவிடும் ஆட்கள் உண்டு. வேலையில் குறை வைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வார இறுதி முழுக்கப் படுக்கையில் போகும். ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும், அதை யாருக்கும் தெரியாமல் இரவில் ஈடுகட்டுவார்கள்.

இவர்களுக்கு உதவி தாமதமாகத்தான் கிடைக்கிறது, ஏனென்றால் அவர்களே தங்களை நம்புவதில்லை. "என்னால எல்லாம் செய்ய முடியுதே, அப்போ எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொள்வார்கள். செய்ய முடிகிறதா என்று கேட்காதீர்கள். செய்து முடித்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள்.

8. என் வீட்டுக்காரர் ஒருநாளும் அழுததில்லை. ஆனா இப்போ தொட்டதுக்கெல்லாம் கத்தறார், குடியும் ஜாஸ்தி ஆயிடுச்சு. இதுவும் அதுதானா?

இருக்கலாம். பல ஆண்களிடம் மனச்சோர்வு எரிச்சல், குடி, கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவது, வேலையே கதி என்று கிடப்பது, பேச்சைக் குறைத்துக்கொள்வது என்ற வடிவத்தில் வெளிப்படுகிறது. குடி அந்த இரவுக்கு மறக்க உதவுவதுபோல் தோன்றும்; தூக்கத்தையும் மனநிலையையும் இன்னும் கெடுத்துவிட்டுப் போகும். மனச்சோர்வு பெண்களிடம்தான் அதிகம் கண்டறியப்படுகிறது. ஆனால் உலக அளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்களிடம் இந்த நோயைத் தவறவிடுவது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கோபத்துக்குக் காரணம் நோயாக இருந்தாலும் அடியையும் மிரட்டலையும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் பாதுகாப்பு முதலில், அவர் சிகிச்சை அதற்கு அப்புறம்.

9. என் பொண்ணுக்கு 15 வயசு. எப்பப் பாரு கதவைச் சாத்திக்கிட்டு எரிஞ்சு விழறா. வயசுக் கோளாறா, வேற ஏதாவதா?

சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலே முதன்மை அறிகுறியாக இருக்கலாம். முதல் பதிலில் சொன்ன வரையறையே இதை ஏற்றுக்கொள்கிறது. உங்களிடம் எரிந்து விழுந்தாலும் தோழிகளோடு சிரித்துக் கும்மாளமிடுகிறாள், தனக்குப் பிடித்ததில் மூழ்குகிறாள் என்றால் பெரும்பாலும் வயதுதான். தோழிகளையும் விட்டு விலகுகிறாள், மதிப்பெண் சரிகிறது, பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி வருகிறது, "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்கிறாள், கோடையிலும் முழுக்கைச் சட்டையை விடுவதில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் தழும்பை மறைப்பதாக இருக்கலாம். திட்டாமல், பதறாமல், தனியாகக் கேளுங்கள்.

10. அம்மாவுக்கு 70 வயசாச்சு. மறதி அதிகமாயிடுச்சு. மறதி நோய்தானே?

அவசரப்பட வேண்டாம். முதியவர்களிடம் மனச்சோர்வு மறதி வேடத்தில் வருவது உண்டு. மனச்சோர்வில் மாற்றம் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தெரியும். எப்போது தொடங்கியது என்று வீட்டாரால் சொல்ல முடியும். மறதி பற்றி அவரே புலம்புவார், கேள்வி கேட்டால் முயற்சியே செய்யாமல் "தெரியலை" என்பார். மறதி நோயில் மாற்றம் மெதுவாக வரும், அவர் அதை மறைக்கவோ சமாளிக்கவோ பார்ப்பார், தப்பான பதிலையும் உறுதியாகச் சொல்வார். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும் என்பதால் பரிசோதனை அவசியம்.

"வயசானா இப்படித்தான்" என்ற பேச்சு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மனச்சோர்வு முதுமையின் இயல்பான பகுதி இல்லை. 70 வயதிலும் சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது.

11. குழந்தை பிறந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் அழுதுகிட்டே இருக்கா. பிரசவம்னா அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்களே?

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகச் சாதாரணம். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். மூன்று வாரம் என்பது அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது, மருத்துவரைப் பாருங்கள். குழந்தை தூங்கும்போதும் தன்னால் தூங்க முடியவில்லை, குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை, தான் மோசமான தாய் என்ற எண்ணம் விடாமல் வருகிறது என்பதெல்லாம் வெளியே சொல்ல அவள் கூசும் அறிகுறிகள். 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் இதற்கென்றே இருக்கிறது.

யாருக்கும் கேட்காத குரல் அவளுக்குக் கேட்கிறது, தூக்கமே இல்லாமல் படபடப்பாக இருக்கிறாள், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றால் அது வேறு, அவசர நிலை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

12. இணையத்துல ஒரு கேள்வித்தாள் இருக்கே, மார்க் போட்டுப் பார்த்தா போதுமா?

பெரும்பாலும் நீங்கள் பார்த்தது பிஎச்க்யூ-9 ஆக இருக்கும். முதல் பதிலில் சொன்ன ஒன்பது அறிகுறிகளையே ஒன்பது கேள்விகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது, மொத்தம் 27. மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு பதில் வந்தால் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும். இது நோயை உறுதி செய்யாது. மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க நல்ல வழி.

தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது போன்றவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையைக் குலைக்கும். இவற்றைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

13. அவருக்கு என்ன குறை? நல்ல வேலை, நல்ல குடும்பம். காரணமே இல்லாம வருமா?

வரும். பரம்பரை, உடல்நோய், சிறுவயதில் பட்ட காயம், ஹார்மோன் மாற்றம், நெடுநாள் அழுத்தம் எனப் பல சேர்ந்து வருவது இது. சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களிடம் இன்னும் அதிகம். "உனக்கு என்ன குறை?" என்ற கேள்வியை அவர் தனக்குள் நூறு முறை கேட்டுக் குற்றவுணர்வில் இருப்பார். நீங்களும் கேட்க வேண்டாம்.

காரணம் கண்ணெதிரே இருக்கும்போதும் தவறவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நெருங்கியவரை இழந்தவர் துக்கப்படுவது இயல்பு. துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பழைய நினைவு ஒன்றுக்குச் சிரிக்கவும் முடியும். தன் மேல் இருக்கும் மதிப்பு போகாது. மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை, "நான் எதற்கும் உதவாதவன்" என்பது உள்ளே குடியேறிவிடும். துக்கத்தோடு மனச்சோர்வும் சேர்ந்து வரலாம் என்பதால், முதல் பதிலில் சொன்ன வரையறை இருக்கும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தபோது, துக்க காலத்தில் இருப்பவரை மனச்சோர்வுக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்த விலக்கை எடுத்துவிட்டார்கள்.

14. நான் பத்து வருஷமா இப்படித்தான் இருக்கேன். இது என் சுபாவம்னு நினைச்சேனே?

தீவிரம் குறைந்த, ஆனால் விடாத மனச்சோர்வு ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு இரண்டு வருடம், பிள்ளைகளுக்கு ஒரு வருடம் தாண்டினால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். இரண்டாம் பதிலில் சொன்ன பழைய இயல்போடு ஒப்பிடும் வழி இங்கே உதவாது, ஏனென்றால் ஒப்பிடப் பழைய இயல்பே நினைவில் இருக்காது. இதுவும் சிகிச்சையில் மாறக்கூடியதுதான்.

நடு நடுவே வேறு மாதிரியான நாட்கள் வந்ததா என்றும் யோசியுங்கள். தூக்கமே தேவைப்படாத உற்சாகம், மடைதிறந்த பேச்சு, தலைகால் புரியாத செலவு என்று நான்கு நாளோ அதற்கு மேலோ ஓடியிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இருதுருவ மனநிலை நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அந்த நாட்களை யாரும் நோயாக நினைப்பதில்லை என்பதால் கேட்டால் ஒழிய வெளியே வராது.

15. "சாகணும்னு தோணுதா"ன்னு கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமே விதைச்ச மாதிரி ஆகாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பலருக்குப் பாரம் குறைகிறது. சுற்றி வளைக்காமல், அமைதியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" பதில் ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். திட்டம் இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருட்களையும் மருந்துகளையும் அவர் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தால் அருகில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே "என்னைத் தனியா விடாதே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், விளக்கம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கவனிக்காமல் விடுகிற அறிகுறிகள்: "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருட்களை எடுத்துக் கொடுப்பது, விடைபெறுவதுபோல் பலரையும் கூப்பிட்டுப் பேசுவது. நெடுநாள் தவித்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகிவிட்டால் சரியாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். முடிவெடுத்துவிட்ட அமைதியாக அது இருக்கலாம். அன்றே கேளுங்கள்.

16. அவர் ஒத்துக்கவே மாட்டேங்கறார். எப்படிப் பேச்சை எடுக்கறது?

நோயின் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "ரெண்டு மாசமா நீ பாட்டே கேக்கறதில்லை. ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கறதைப் பார்த்தேன். எனக்குக் கவலையா இருக்கு." இதை மறுப்பது கடினம், இதில் குற்றச்சாட்டும் இல்லை. பிறகு அவர் பேசுவதற்கு இடம் விடுங்கள். மூன்றாம் பதிலில் சொன்ன இடைவெளி நினைவிருக்கட்டும், பதில் வர நேரமாகும்.

மனநல மருத்துவரிடம் வர மறுத்தால் தூக்கத்துக்கோ வலிக்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தேதி வாங்குவது, உடன் போவது, கவனித்ததை எழுதித் தருவது எல்லாம் நீங்கள் செய்யலாம். ஒரு முறை மறுத்தால் அடுத்த வாரம் மறுபடி.

17. சிகிச்சை ஆரம்பிச்சாச்சு. தேறி வர்றாரா இல்லையான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?

மருந்து வேலை செய்வது தெரிய பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூடுதல் காலம் தேவை. தூக்கமும் பசியும் பெரும்பாலும் முதலில் சீராகும். மனநிலை கடைசியில்தான் வரும். அதனால் "எனக்கு ஒண்ணும் மாறலை" என்று அவர் சொல்லும் நாளிலேயே உங்களுக்கு மாற்றம் தெரியலாம். மனம் தெளிவதற்கு முன்பே உடலில் தெம்பு வரும் அந்தத் தொடக்க வாரங்களில் 15-ஆம் பதிலில் சொன்னவற்றைக் கூடுதலாகக் கவனியுங்கள், 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களிடம் குறிப்பாக.

நன்றாக ஆனதும் மருந்தைத் தானாக நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் சிக்கல். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு. அது அநேகமாகப் போன முறை தொடங்கிய வழியிலேயே தொடங்கும். அதனால் அவர் தெளிவாக இருக்கும் ஒருநாளில் இருவரும் உட்கார்ந்து, முதலில் எது நின்றது, அடுத்து எது கெட்டது என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு நின்றது, செய்திகளுக்குப் பதில் நின்றது, விடியலில் விழிப்பு வந்தது என்று நான்கைந்து வரி போதும். அந்தத் தாளின் ஒரு நகலை மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள்.